சருகு கூட்டாத வீடு

ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற உத்தியோகம் அவருக்கு. தன் வீட்டு வாசலில் மட்டும் ஒரு குண்டு பல்பு எரியவிடமாட்டார். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம் வந்தால், உள்ளே ஒரு விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, இருட்டிக்கொண்டு வரும் தோட்டத்தில் போய் நின்றுகொள்வார். பக்கத்து வீட்டில் குடியிருந்தவன் நான். முதல் தடவை பார்த்தபோது, "லைன்மேன் வீட்டு பல்பே பீஸ் போயிருச்சு போல" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பீஸெல்லாம் போகலைங்க. வெளிச்சம் இருந்தா ராப்பூச்சிக பூவுக்குப் போகாம பல்பையே சுத்திச் சுத்திச் செத்துப் போகுமாம். அவுக வீட்டு அக்கா சொன்னாக" என்றாள்.

நாங்கள் குடிவந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுக்கு இது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் வயிற்றெரிச்சல் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. கோச்சடை அப்போது மதுரையோடு சேர்ந்தும் சேராமலும் இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் வயல், வயலைத் தாண்டித் தென்னந்தோப்பு, அப்புறம் வைகை. எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு வீடு. நான் டவுனில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா, சைக்கிளில் போய் வருவேன். கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. என் மனைவி செக்கானூரணிப் பக்கத்துப் பெண். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பாள்.

எனக்குத் தோட்டம் என்றால் உயிர். தொட்டிகளுக்குக் காவி அடித்து, வரிசை கட்டி, ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்திருந்தேன். வாரம் ஒருமுறை பூச்சிப் பொடி தூவுவேன். ஒரு இலையில் ஒரு ஓட்டை இருக்காது, தரையில் ஒரு சருகு கிடக்காது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் நான் அதையெல்லாம் வளர்த்தது தெருவில் போகிறவர்களுக்காக இல்லை. என் மனைவி மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அதை வாயால் சொல்ல எனக்கு வராது. ரோஜா வளர்த்தேன். அவள் ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு "நல்லாருக்குங்க" என்பாள். ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்வாள்.

அவருடைய தோட்டத்தைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வராது. நந்தியாவட்டை இரண்டு, அரளி ஒன்று, மூலையில் பவளமல்லி, எங்கு பார்த்தாலும் அந்திமந்தாரை, வேலி முழுக்கச் சுரைக்கொடி. எதற்கும் வரிசை கிடையாது. நந்தியாவட்டையில் பாதி இலையைப் புழு தின்றிருக்கும். கீழே கணுக்கால் அளவுக்குச் சருகு. அவர் வாசலைக் கூட்டுவார், தெருவைக்கூடக் கூட்டுவார், செடிக்கு அடியில் மட்டும் விளக்குமாறு போகாது.

"புழு அம்புட்டையும் தின்னுருச்சே, மருந்தடிக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தின்னுட்டுப் போகுது மாப்ள. அதுக தின்னது போக மிச்சம் இருக்குல்ல, அது நமக்குப் போதும்" என்றார்.

அந்த 'மாப்ள' எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. என் மனைவி அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள், அவர் அவளைத் தங்கச்சி என்றார், அந்தக் கணக்கில் நான் மாப்ளயாகிவிட்டேன். யாரைக் கேட்டு இந்த முறை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முறைப்படி நான் அவரை மச்சான் என்று கூப்பிட வேண்டும். நான் எப்படியும் கூப்பிடாமல், 'என்னங்க', 'அது வந்து' என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால், எதையும் விரட்டத் தெரியாத மனுஷன் என்பேன். தெருக்கோடியில் கீரை விற்கிற அம்மாவின் ஆடு ஒருநாள் வேலிக்குள் புகுந்து சுரைக்கொடியில் கால்வாசியைத் தின்றுவிட்டது. அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். இவர், "பசிச்சிருக்கும், கெடந்துட்டுப் போகுது விடுங்கத்தா" என்று ஆட்டுக்குக் குடிக்கத் தண்ணி வைத்தார். யாரோ வாங்கிப்போன அவருடைய ஏணி ஆறு மாதம் திரும்பி வரவில்லை. கேட்டால் "கெடந்துட்டுப் போகுது, அவுகளுக்கு இன்னும் வேலை முடியல போல." கோபித்துக்கொள்ளாத மனுஷனைப் பார்த்தால் எல்லாருக்கும் மரியாதை வரும் என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவருக்கு மட்டும் எப்படி எதுவுமே குறையாமல் இருக்கிறது என்று இருக்கும்.

தெருவுக்கு ட்யூப் லைட் வாங்கியது நான். பெருமைக்குச் சொல்லவில்லை, மின்சார ஆபீசுக்கு மனு மேல் மனு எழுதி, பதினோரு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, சைக்கிள் டயர் தேய அலைந்து வாங்கினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். விளக்கு வந்தது. வந்து மாட்டிய கம்பம் அவர் வீட்டு வேலி ஓரத்துக் கம்பம். உள்ளுக்குள் எனக்கு ஒரு குஷி. அன்று சாயங்காலமே அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, இது உங்க முயற்சி. உங்களக் கேக்காமச் செய்யக்கூடாது. எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வெளிச்சம் விழாம ஒரு தகரத்த மறச்சு வச்சுக்கிறட்டுமா? தெருவுக்கு வெளிச்சம் குறையாது" என்றார்.

"எனக்கென்ன, தெருவைக் கேளுங்க" என்றேன். தெரு ஒப்புக்கொள்ளாது என்று நம்பினேன். அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஒருத்தர் பாக்கியில்லாமல், "வச்சுக்கங்க லைன்மேன், இதுக்குப் போயி கேட்டுக்கிட்டு" என்றார்கள். மறுநாள் அவர் ஏணியில் ஏறித் தகரத்தைக் கட்டினார். அந்தத் தகரம் எங்கள் வீட்டு எண்ணெய் டின்னை வெட்டி எடுத்தது. கொடுத்தது என் மனைவி. அன்றைக்கு உட்கார்ந்து அவர் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். காலையில் கிழித்துப் போட்டேன். நல்ல எண்ணத்தில் கிழித்தேன் என்று நினைக்க வேண்டாம். அத்தனை மனு எழுதி என் கையெழுத்து அந்த ஆபீசில் எல்லாருக்கும் அத்துப்படி.

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் போதும், என் மனைவி கொல்லைப் பக்கமாக அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவாள். அவர், அவர் வீட்டம்மா, இவள், தெருவில் இன்னும் ஓரிருவர். அந்திமந்தாரை விரிகிற நேரம் அது. கட்டை விரல் பருமனில் ஒரு பூச்சி வரும். தேன்சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்று, நீளமாக ஒரு குழலை நீட்டிப் பூவுக்குள் விடும். ரெக்கை அடிக்கிற சத்தம் காதில் கேட்குமாம். கேட்குமாம் என்றுதான் சொல்ல முடியும், நான் போனதில்லை. அவள் வந்து சொல்வாள்.

"இன்னைக்குப் பச்சைப்பூச்சி வந்துச்சுங்க. பச்சைப் பட்டுல ரோஸ் கலர்ல அலை அலையா நெய்ஞ்சாப்புல இருக்கு. நீங்க ஒரு நாளாச்சும் வாங்களேன்."

"எனக்கு வேலை இருக்கு" என்பேன். என்ன வேலை? தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, மதில் ஓட்டை வழியாக அவர்களைப் பார்க்கிற வேலை. ஒருநாள் பூச்சி ஒன்று என் மனைவியின் தலையிலிருந்த பூவுக்கே வந்துவிட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அது போனதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை இரண்டு வருஷத்தில் நான் என் வீட்டுக்குள் கேட்டதில்லை. அவள் தலையில் இருந்தது என் ரோஜா இல்லை, அவர்கள் கொடுத்த அந்திமந்தாரைச் சரம். பொறாமை என்பதை நெஞ்சு எரிகிறது என்று சும்மா சொல்லவில்லை. உண்மையிலேயே எரிந்தது. உள்ளே போய் மோர் குடித்தேன்.

இதற்கு நடுவில் சுரைக்காய் விவகாரம் வேறு. நானும் கொல்லையில் பந்தல் போட்டுச் சுரை ஏற்றியிருந்தேன். கொடி தளதளவென்று இருந்தது. பூ பூக்கும், பிஞ்சு விரல் நீளம் வரும், வெம்பி விழுந்துவிடும். அவருடைய வேலியில் காய் கனம் தாங்காமல் கம்பி வளைந்து கிடந்தது. வாரம் ஒரு காய் எங்கள் வீட்டுக்கும் வரும்.

"அண்ணே சொன்னாருங்க, சுரைப்பூ பொழுது சாஞ்சாத்தான் விரியுமாம். அந்நேரம் தேனீயெல்லாம் அடஞ்சிருமாம். ராப்பூச்சி வந்து ஒக்காந்தாத்தான் காய் பிடிக்குமாம். நம்ம பொடியத் தூவித் தூவி அதுகள வரவிடாமப் பண்ணிர்றமாம்."

"அண்ணன் வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லலையே" என்றாள் வெள்ளையாக.

அந்த வாரம் பந்தலுக்கு இரண்டு மடங்கு பொடி தூவினேன். ஒரு காய்கூடப் பிடிக்காவிட்டாலும் சரி என்று தூவினேன்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அவர் வீட்டு நந்தியாவட்டையில் பச்சைப் புழுக்கள் நிறைய இருந்தன. என் மனைவி அதில் ஒரு புழுவைத் தினமும் போய்ப் பார்த்தாள். அதன் தலைக்குப் பக்கத்தில் நீலமாக இரண்டு கண் மாதிரிப் புள்ளி இருக்கும் என்பாள். என்ன தின்றது, எவ்வளவு வளர்ந்தது என்று எனக்குச் சோறு போடும்போது ஒப்பிப்பாள். மார்கழி பாதியில் புழு நிறம் மாறிக் கீழே இறங்கிச் சருகுக்குள் போய்க் கூடு கட்டிக்கொண்டது. அதோடு இன்னும் பல. தை பிறந்ததும் எல்லாம் பூச்சியாகி வெளியே வந்துவிடும், அதனால்தான் அண்ணன் சருகைக் கூட்டுவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். ஒரு குழந்தை பிறக்கப்போகிற வீட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பொங்கலுக்கு அவர்கள் மேலூர் கிளம்பினார்கள். அவர் வீட்டம்மாவுக்கு அதுதான் சொந்த ஊர். பையைத் தூக்கிக்கொண்டு வந்து, என் மனைவியிடம்தான் சொல்லிக்கொண்டார்கள்.

"போயிட்டு வாரோம் தங்கச்சி. வீட்டப் பாக்க வேண்டாம், அதுல எடுத்துட்டுப் போக ஒண்ணுமில்ல. சருகுல மட்டும் யாரும் கைவைக்காமப் பாத்துக்கத்தா. பொங்கலுக்குச் சுத்தம் பண்றம்னு யாராச்சும் கொளுத்திருவாக."

"நான் பாத்துக்கிறேன்ண்ணே. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் ஒப்படைக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டு. ஊரெல்லாம் கூட்டிப் பெருக்கிக் குப்பையைக் கொளுத்துவார்கள். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கூரையில் செருகுவார்கள். என் மனைவி பானையும் பூவும் வாங்கக் காலையில் சந்தைக்குப் போயிருந்தாள். எனக்கு லீவு. விளக்குமாற்றை எடுத்தேன். கால் எங்கள் கொல்லைப் பக்கம் போகவில்லை, அவர்கள் கொல்லைப் பக்கம் போனது.

அப்போது என்ன நினைத்தேன் என்று யாராவது கேட்டால், ஒத்தாசை என்றுதான் நினைத்தேன் என்று சத்தியம் கூடச் செய்வேன். பண்டிகை நாள், பூட்டிக் கிடக்கிற வீடு, குப்பையாகக் கிடக்கலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேதான் கூட்டினேன். நந்தியாவட்டைக்கு அடியிலிருந்த சருகை அங்கேயே குமித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, தீக்குச்சி கிழித்தேன். ஈரச் சருகு. முதலில் புகைந்தது, பிறகு பற்றியது. சின்னச் சின்னதாக வெடிக்கிற சத்தம் கேட்டது. சுள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி புகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கையிலிருந்த பானையைக் கீழே வைத்தாள். சாம்பலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மதிலுக்கு மேலாக எங்கள் கொல்லையைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக் கொல்லையக் கூட்டலையா?" என்றாள்.

கூட்டவில்லை. ஒரு நாளும் சருகு கிடக்காத என் தரையில் அன்றைக்கு முருங்கை இலையும் ரோஜா இதழும் அப்படியே கிடந்தன. நல்லது செய்யப் போகிறவன் தன் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிற புத்திகூட எனக்கு இல்லை. "இனிமேத்தான்" என்றேன். அவள் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பொங்கல் வைத்தாள். குலவை போட்டாள். என்னோடு சேர்ந்து சாமி கும்பிட்டாள்.

நாலாம் நாள் அவர்கள் திரும்பி வந்தார்கள். அவர் கொல்லைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மதில் பக்கம் வந்தார். என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"பண்டிகை நாளாச்சேன்னு உங்க வீட்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்தார். "அம்புட்டு வேலைக்கு நடுவுல எங்க வீட்டையும் நெனச்சுப் பாத்தீகளே மாப்ள, அது போதும்" என்று சொல்லிவிட்டு, மேலூரிலிருந்து கொண்டுவந்த கரும்பில் இரண்டை மதிலுக்கு மேலாக நீட்டினார்.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு என் மனைவி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவர் வீட்டம்மா வந்து கூப்பிட்டாள். "வேலை இருக்குக்கா" என்று இவள் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் இப்படியே போனது. சாயங்காலமானால் வாசற்படியில் உட்கார்ந்து பூக் கட்டுவாள். நான் பக்கத்தில் போய் உட்காருவேன். இரண்டு வருஷமாக நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அங்க போகலையா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "பாத்துக்கிறேன்னு சொன்னவ நான். அவருக்கு விசயம் தெரிஞ்சு ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட அடுத்த நாளே போயி நின்னுருப்பேன். ஒண்ணும் தெரியாம நம்மள நல்லவுகன்னு நெனச்சுக்கிட்டுக் கரும்பக் குடுக்குறாரு பாருங்க, அதுதான் என்னால முடியல."

பிறகு பூவைத் தொடுக்கத் தொடங்கிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். இருட்டுகிற தோட்டத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்திமந்தாரை விரிந்திருந்தது. ஒரு பூச்சி இல்லை.

"மச்சான்" என்றேன். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு நான் வேணும்னேதான் கொளுத்தினேன்."

"தெரியும் மாப்ள" என்றார். "கூட்டுறவன் குப்பைய வாசலுக்குக் கொண்டுபோயித்தான் கொளுத்துவான். நீங்க செடிக்கு அடியிலயே வச்சுக் கொளுத்திருந்தீக."

"தெரிஞ்சுமா கரும்பு குடுத்தீங்க?"

"தங்கச்சி பக்கத்துல நின்னுச்சே. அது முன்னாடி என்னத்தக் கேக்குறது?" அந்திமந்தாரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோவம் வந்துச்சு மாப்ள. வரலைன்னு சொல்ல மாட்டேன். வந்துட்டுப் போயிருச்சு. ஆனா ஒண்ணு, தங்கச்சிகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீக. அது உங்களப் பெரிசா நெனச்சுக்கிட்டு இருக்கு. இங்க வந்து நின்னா பூச்சியப் பாக்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உங்க ரோஜாப் பேச்சுத்தான். எந்தத் தொட்டி எந்த நாள்ல மொட்டு விட்டுச்சு, நீங்க விடியக்காலம் எத்தன மணிக்கு எந்திரிச்சுத் தண்ணி ஊத்துறீக, அம்புட்டும் சொல்லும். எங்க வீட்டுல கேலி பண்ணுவா, ஒன் வீட்டுக்காரரு பொண்டாட்டிக்கு ரோசா வளக்குறாரா, ரோசாவுக்குப் பொண்டாட்டி கட்டுனாரான்னு. அதுக்கு விழுந்து விழுந்து சிரிக்கும்."

மதில் ஓட்டை வழியாக நான் பார்த்து எரிந்த சிரிப்பில் பாதி என் பேச்சுக்கு வந்த சிரிப்பு. அதை என்னிடம் வந்து சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும். நானும்தான் எதையும் சொன்னதில்லை. அவரைப் பார்த்து எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சையெல்லாம் கேட்டவர் அவர், நான் இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். அவருக்கு எல்லாம் தெரியும், நம்மை ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை, நீ போ என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். ஒரு வரி போதும், அவள் அந்த நிமிஷமே எழுந்து போயிருப்பாள். அவள் கோயிலிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போயிருந்தீக?" என்று கேட்டுக்கொண்டே, நான் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள்.

அந்த இடத்தைப் பார்த்தேன். "சும்மா அப்படி நடந்துட்டு வந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். சொல்லாதீக என்று அவரே சொல்லிவிட்டாரே என்று வைத்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். சித்திரையில் அவருக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது. அவர்கள் சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்புகிறவரை அவள் உள்ளேயே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் சாயங்காலமானால் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், இத்தனை வருஷமாக. நான் இன்னும் சொல்லவில்லை.